பதினோராம் நம்பர் டியூப்

சோங்கிராத், படகுக் கொட்டகை
23 ஜூன் 2017, வெள்ளி

டாக்டரம்மாவுக்கு வெந்தெல் எழுதுறது.

கொசுவாம்ல, கொசு! எந்தக் கொசுவுக்கும்மா உடம்ப விட நீளமா ரெண்டு வாலு இருக்கும்? ஆறாம் நம்பர் எச்சில் டியூப்புல நீங்க பாத்தது திசாப் பூன்னு நாங்க சொல்ற ஆத்துப் பூச்சி. உங்க தெப்ரெசென்ல ஆறே கிடையாது, அதான் உங்களுக்குத் தெரியல. வருஷத்துல மூணு நாலு நாள் சாயங்காலம், திசா ஆத்துலேர்ந்து கோடிக் கணக்குல பறந்து மேல வரும். ஜோடி சேரும். இருட்டுறதுக்குள்ள செத்துப் போகும். அந்த நேரத்துல பசங்க துடுப்பு போட்டுட்டு வர்றாங்க, தலைமுடி பூரா பூச்சி. பெஞ்சுல உக்காந்து வாயில ஸ்ட்ராவ வச்சா ஒண்ணு டியூப்புக்குள்ள விழாம என்ன பண்ணும்? இதுக்குப் போயி "கொட்டகை சுத்தமாக இல்லை, கொசு மொய்க்கிறது"ன்னு சிவப்பு மையில எழுதி அனுப்பியிருக்கீங்க. காஷ்பார் கோச் அதப் படிச்சிட்டு ஒரு நாள் பூரா என்னை "கொசு"ன்னுதான் கூப்பிட்டான்.

ரெண்டாவது குத்தம், மூணாம் நம்பர்ல வெங்காய வாசம். அது உண்மை. கொழுப்பு தடவுன ரொட்டி, மேல வெங்காயம், என் காலைச் சாப்பாடு. நான் சாவி எடுக்கத் திரும்புன நேரத்துல அந்த மூணாம் நம்பர் பய அதுல பாதியத் தின்னுட்டான். தண்டனையா நாலு படகு கழுவ விட்டேன்.

மத்தபடி நீங்க சொன்னதுல ஒண்ணு விடாம செய்யிறேன். வியாழக்கிழமை காலைல அஞ்சரைக்குப் பல்லு விளக்காம, எதுவும் சாப்பிடாம பதினாலு பேரும் வருவாங்க. பதிமூணு வயசுலேர்ந்து பதினேழு வரைக்கும் இருக்குதுங்க. தலையக் குனிஞ்சு எச்சில் வடிய விட்டுட்டு உக்காந்திருக்கிறதப் பாத்தா ஜெபக்கூட்டம் தோத்துப் போகும். வாய் ஊறலன்னா நான் புளிப்புச் செர்ரி, உப்புல போட்ட வெள்ளரிக்கான்னு வர்ணிச்சு ஊற வைப்பேன். சாயங்காலம் மறுபடியும் அதே கூத்து. எங்க அம்மா காலத்துல எச்சில் துப்பினா முதுகுல விழும். இப்ப துப்பினா ஐஸ் வச்சு வண்டில அனுப்புறாங்க. அப்படி அதுல என்னம்மா தெரியுது?

பதினோராம் நம்பர் டியூப்ப மட்டும் கொஞ்சம் மரியாதையாப் பிடிங்க. அது எங்க கின்ச்சோவோடது. பதினாறு வயசு, முடி வெட்டுற கடைக்காரி மக. நாப்பது வருஷமா இந்தக் கரையில படகு தொடைக்கிறேன், இப்படி ஒரு துடுப்ப நான் பாத்ததில்ல. தண்ணில சத்தமே வராது. கோச் நேத்து ஸ்டாப் வாட்ச்சக் காதுல வச்சுப் பாத்தான், ஓடுதா நின்னு போச்சான்னு.

இப்படிக்கு,
கொசு வளர்க்காத வெந்தெல்

*

தெப்ரெசென்
27 ஜூன் 2017

மதிப்பிற்குரிய வெந்தெல் ஐயா அவர்களுக்கு,

கொசு விஷயத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பூச்சியை இங்கே எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது அது ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் என் மேசையில் இருக்கிறது.

எச்சிலில் என்ன தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். கடுமையாகப் பயிற்சி செய்யும்போது தசையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கிழிசல்கள் விழுகின்றன. அதைச் சரிசெய்ய உடம்பு உள்ளே ஒரு தீயை மூட்டுகிறது. அதைத்தான் நாங்கள் அழற்சி என்கிறோம். கெட்டது அல்ல, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். அதே நேரம் ஹார்மோன்களும் ஏறி இறங்குகின்றன. களைப்பின்போது ஒன்று, வளர்ச்சிக்கு ஒன்று. இதெல்லாம் எச்சிலில் துளித் துளியாகக் கலந்து வருகிறது. உங்கள் பிள்ளைகளிடம் நான் கண்டது அதிசயம் ஐயா. வியாழக்கிழமை எரிகிற தீ, நடுவில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் போதும், அடுத்த வியாழக்கிழமை பழைய அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வளரும் உடம்புக்குத் தீ மூட்டவும் தெரிகிறது, அணைக்கவும் தெரிகிறது. பெரியவர்களிடம் இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

ஆனால் சிலருக்கு அணைவதில்லை. காலையில் எவ்வளவோ மாலையிலும் அவ்வளவே எரிகிறது. அதனால்தான் அந்த விதி. மூன்று வியாழக்கிழமை தொடர்ந்து நாங்கள் வகுத்த அளவுக் கோட்டைத் தாண்டினால் இரண்டு வாரம் முழு ஓய்வு. தேர்வுப் போட்டி இருந்தாலும் சரி, கோச் கெஞ்சினாலும் சரி. பிள்ளைகள், பெற்றோர், கோச் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவரவர் அளவு மூடிய உறையில் அவரவருக்கே வரும். நீங்கள் பிரிக்காமல் கொடுத்தால் போதும்.

நான் நீச்சல்காரியாக இருந்தவள், உங்களுக்குத் தெரியாது. பதினேழாவது வயதில் ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கு முன் ஆறு மாதம் என்னை யாராவது அளந்து பார்த்திருந்தால் இன்றும் நீந்திக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
ஷரோல்தா பெர்தோக்

*

சோங்கிராத்
30 ஜூன், வெள்ளி

டாக்டரம்மா,

நீச்சல்காரின்னு மொதல்லயே சொல்லியிருந்தா கொசுச் சண்டையே வந்திருக்காதே. தண்ணில கெடந்தவங்கன்னா எனக்கு எப்பவும் ஒரு பாசம்.

உறையெல்லாம் பிரிக்காமத்தான் குடுத்தேன். ஆனா பிரிக்கிற மூஞ்சியப் பாத்தா உள்ள இருக்கிறது தெரிஞ்சு போகுதே, அதுக்கு நான் என்ன பண்ண? இந்தக் கோடு கோடுன்னு சொல்றீங்களே, அது எவ்வளவு தடிம்மா? ஒரு விரக்கட? ஒரு நூல்? ஜூலை பதினஞ்சு செகெத்துல தேர்வுப் போட்டி. வருஷம் பூரா அதுக்குத்தான் ஆத்துல கெடக்குதுங்க. ஒரு விரக்கட அப்படி இப்படி நகத்துனா யாருக்குத் தெரியப் போகுது? சும்மாதான் கேக்குறேன்.

கின்ச்சோ செவ்வாக்கெழம ஐநூறு மீட்டரப் பத்து தடவ ஓட்டுனா. பத்தாவது ஒண்ணாவத விட வேகம். கோச் தொப்பியக் கழட்டிட்டான். கரைக்கு வந்தவ தண்ணி பாட்டில் மூடியத் திறக்க என்கிட்ட நீட்டுனா. விரல் மடங்கல. உள்ளங்கையில ஈஸ்டருக்கு வந்த கொப்புளம் இன்னும் மூடல, மேல டேப்பு ஒட்டிட்டு வர்றா. "வலிக்குதாடி?"ன்னேன். "படகுக்கு வலிக்கல தாத்தா"ன்னா. எப்படி இருக்கு பாருங்க பதில்.

இந்த வாரப் பெட்டி ரொம்ப சுத்தம். பூச்சி இல்ல, வெங்காயம் இல்ல. பதினொண்ணு தங்கமா இருக்கும், பாத்துட்டு எழுதுங்க.

வெந்தெல்

*

தெப்ரெசென்
5 ஜூலை 2017

வெந்தெல் ஐயா,

இதைப் பெட்டி வண்டியின் டிரைவரிடம் தனியாகக் கொடுத்து அனுப்புகிறேன். உங்களுக்குக் காது மந்தம், தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்கிறீர்கள். இது ஆமா சொல்லும் விஷயம் அல்ல.

பதினோராம் எண் பற்றி. யாருடையது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் மறைக்க ஒன்றுமில்லை. களைப்பின் அளவு திடீரென்று இறங்கி ஒரு குழந்தையுடையதுபோல் இருக்கிறது. அதற்கு நான் மகிழ்ந்திருப்பேன். ஆனால் ஆண் ஹார்மோன் ஒரு வளர்ந்த ஆணுக்கு இருக்கும் அளவில் நிற்கிறது. காலைக் குழாயிலும் மாலைக் குழாயிலும். மூன்று முறை திரும்பப் பார்த்தேன்.

பதினாறு வயதுப் பெண்ணிடம் இதற்கு இரண்டே காரணம் எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, யாரோ அவளுக்கு மருந்து ஏற்றுகிறார்கள். இல்லையென்றால் உள்ளே ஒரு கட்டி. இரண்டாவதற்குத் தாமதிக்க முடியாது. நேற்று மாலை அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை செகெத் மருத்துவமனையில் ஸ்கேன். முதலாவது என்றால் படகுச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. தெரிவித்தால் அவள் நான்கு வருடம் படகில் ஏற முடியாது.

கோச்சிடம் இன்னும் சொல்லவில்லை. கொடுப்பவரே அவராக இருக்கலாம். அந்தக் கொட்டகையில் நான் நம்புகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். மாத்திரை, ஊசி, பொடி, எதையாவது பார்த்தீர்களா? உடனே எழுதுங்கள்.

ஷரோல்தா

*

சோங்கிராத்
6 ஜூலை, வியாழன்

டாக்டரம்மா,

"வளர்ந்த ஆணுக்கு இருக்கும் அளவு"ன்னு எழுதியிருக்கீங்களே, அத ஒரு தாள்ல சீல் வச்சுத் தருவீங்களா? சாராயக் கடையில மாட்டணும். எழுபத்துமூணு வயசுல என்னப் பத்தி இப்படி ஒரு டாக்டர் எழுதுவாங்கன்னு நான் நெனச்சதில்ல.

ஆமாம்மா. அது என் எச்சில்.

சிரிப்பு வரலதானே? எனக்கும் நேத்தோட நின்னு போச்சு.

நடந்தத அப்படியே எழுதுறேன். இருபத்தொம்பதாம் தேதி கின்ச்சோ அஞ்சு மணிக்கே வந்துட்டா, வேற யாரும் வரல. நான் படகத் தொடச்சிட்டிருந்தேன்.

"தாத்தா, ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?"

"கல்லு மாதிரி."

"அப்ப உங்க ஒடம்பு ஓய்வாத்தானே இருக்கும்?"

"பென்ஷன் வாங்குனதுலேர்ந்து அதுக்கு அதான் வேல."

"அப்ப இதுல துப்புங்க."

டியூப்ப நீட்டுனா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. "கோட்டத் தாண்டிட்டேன்னு ரெண்டு உறை வந்திருச்சு தாத்தா. மூணாவது வந்தா பதினஞ்சாம் தேதி நான் கரையில நிக்கணும். உங்க எச்சில் சும்மாதானே வீணாப் போகுது"ன்னா. ஸ்ட்ராவ என் கையில திணிச்சா. நான் ஆறாங்கிளாஸ் தாண்டாதவன். எச்சில்ல களைப்பு இருக்கும்னு நீங்க எழுதுனீங்க, ஆம்பள பொம்பள இருக்கும்னு எவன் சொன்னான்? துப்பிட்டேன். சாயங்காலமும் துப்பிட்டேன். புளிப்புச் செர்ரிய எனக்கு நானே வர்ணிச்சுக்கிட்டேன். அதுல ஒரு திருட்டு சந்தோஷம் வேற.

நேத்து உங்க கடுதாசியப் படிச்சதும் டிரைவர மீன் சூப்பு குடுத்து உக்கார வச்சிட்டு நேரா அவ அம்மா கடைக்கு ஓடுனேன். ஒரு பொம்பளைக்கு முடி வெட்டிட்டிருந்தா, கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. விஷயத்தச் சொன்னேன். கையில கத்திரி. வெட்டுறத நிறுத்திட்டுத் திரும்புனா.

"யோவ் பெரிசு, என் பொண்ணு வயித்துல கட்டின்னு ராத்திரி பூரா அழுதிருக்கேன். நீ துப்புனியா?"

"துப்பினேன் தாயி."

"விளையாட்டுக்கா?"

"அவ கேட்டா. எனக்கு இல்லன்னு சொல்லத் தெரியல."

கத்திரிய மேசையில வச்சிட்டு உக்காந்துட்டா. அழறாளா சிரிக்கிறாளான்னு தெரியல, ரெண்டும்தான். "கட்டி இல்லல்ல? சத்தியமா இல்லல்ல?"ன்னு நாலு தடவ கேட்டா. தலையில பாதி முடியோட அந்தப் பொம்பள எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்துச்சு.

கின்ச்சோ உள்ள முடி கூட்டிட்டிருந்திருக்கா. தொடப்பத்தோட வந்து நின்னா.

"ஏன் சொன்னீங்க?"

"ஸ்கேன் எடுக்கப் போறாங்கடி!"

"எடுக்கட்டும். படுத்திருப்பேன். ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கும். பதினஞ்சாம் தேதி ஓட்டியிருப்பேன். ஒரு பத்து நாள் நீங்க வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல? இனிமே என்கூடப் பேசாதீங்க."

நெனச்சுப் பாருங்க டாக்டரம்மா. அம்மா பக்கத்துல அழுதுட்டிருக்கு, இவளுக்கு உண்மை தெரியும், ஆனாலும் வாயத் திறக்காம மெஷினுக்குள்ள போய்ப் படுக்கத் தயாரா இருந்திருக்கா. அந்த நெஞ்சழுத்தத்தப் பாத்து எனக்குப் பெருமையா இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பயமா இருந்துச்சு. நல்லா பயமா.

மருந்து ஊசி எதுவும் இல்ல. காஷ்பார் சத்தம் போடுவான், அவ்வளவுதான். அவன்கிட்டயும் சொல்லிட்டேன், ஒரு துடுப்பத் தரையில அடிச்சு ஒடச்சிட்டான். அவனே கழுவி அவனே மெருகு போட்ட துடுப்பு.

தப்பு பண்ணவன் பேர் எழுதுற எடத்துல என் பேர எழுதிக்கங்க. தப்பு எம்மேலதான். பட்டியல்ல அவ பேர அடிக்காதீங்க.

வெந்தெல்

*

தெப்ரெசென்
12 ஜூலை 2017

வெந்தெல் ஐயா,

ஆறு நாள் எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் இந்தத் தாள் தாங்கியிருக்காது.

ஒரு தாயை ஒரு இரவு முழுக்க அழ வைத்தது நான். உங்கள் இரண்டு டியூப் எச்சிலை நம்பி. பதினோராம் எண்ணின் அந்த வாரத்தை முழுவதுமாக நீக்கிவிட்டேன். மேலிடத்துக்கு நடந்ததை எழுதினேன், உங்கள் பெயரோடு. இனி நீங்கள் பெட்டிக்குப் பொறுப்பல்ல. டியூப்பில் எண்ணும் பெயரெழுத்தும் பிள்ளைகளே எழுதுவார்கள், காஷ்பார் சரிபார்ப்பார். நீங்கள் ஐஸ் வைக்கலாம். சாராயக் கடையில் மாட்ட எந்தத் தாளும் தர மாட்டேன், அந்த அளவு உங்கள் வயதுக்கு மிக நன்றாக இருந்தாலும்.

அந்த வெள்ளிக்கிழமை கின்ச்சோ ஸ்கேனுக்குப் போகவில்லை. டிரைவரின் கையில் ஒரு டியூப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தாள், அம்மாவின் கையெழுத்தோடு. அவளுடையதேதான். மூன்றாவது முறையும் கோட்டைத் தாண்டியிருக்கிறது ஐயா. நூலளவு அல்ல, விரற்கடை அல்ல. நீங்கள் வர்ணித்த அந்தப் பத்து ஐநூறு மீட்டர்களை அவள் ஓட்டியது இந்த உடம்போடு. மூடாத கொப்புளம், மடங்காத விரல், எல்லாம் ஒரே தீயின் புகை. இப்படிப்பட்ட மனவலுவை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் மனவலுவால் இந்தத் தீயை அணைக்க முடியாது. தூக்கமும் சோறும்தான் அணைக்கும்.

இன்றிலிருந்து பதினான்கு நாள் ஓய்வு. பதினைந்தாம் தேதி அவள் ஓட்ட மாட்டாள். இதை அவள் அம்மாவிடம் சொன்னேன், பிறகு அவளிடமே சொன்னேன். போனில் அவள் கேட்டாள்: "டாக்டர், நீங்க திரும்ப நீந்தவே இல்லையா?" நான் நீந்தியதை நீங்கள்தான் அவளிடம் சொல்லியிருப்பீர்கள். இல்லை என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

பட்டியலில் அவள் பெயரை அடிக்கவில்லை.

ஷரோல்தா பெர்தோக்

*

சோங்கிராத்
27 ஜூலை, வியாழன், காலைல அஞ்சரை

டாக்டரம்மா,

உங்க திட்டு கெடச்சுது. மடிச்சு சட்டப் பையில வச்சிருக்கேன். இப்ப நான் ஐஸ்காரன் மட்டும்தான், டியூப்ப விரலால கூடத் தொடுறதில்ல.

இந்தக் கடுதாசிய எழுத எழுத சத்தமாப் படிச்சிட்டிருக்கேன். ஏன்னா கின்ச்சோ பக்கத்துல உக்காந்திருக்கா. இன்னிக்குத்தான் திரும்ப வந்திருக்கா. வாயில ஸ்ட்ரா, தல குனிஞ்சிருக்கு, எச்சில் வடிஞ்சிட்டிருக்கு. இருபத்திரெண்டு நாளா என்கூடப் பேசல. இப்ப பேசவும் முடியாது, எந்திரிச்சுப் போகவும் முடியாது. எனக்கு இத விட்டா வேற நேரம் கெடைக்காது. காதப் பொத்தலாம்தான், ஆனா ஒரு கையில டியூப் இருக்கே.

முறைக்கிறா. முறைக்கட்டும்.

பதினஞ்சாம் தேதி செகெத்துல என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா? இவ எடத்துல எங்க ஒம்பதாம் நம்பர் புள்ள ஓட்டுச்சு. இவ வீட்டுலயே கெடப்பான்னு நெனச்சேன். முத பஸ்ஸுக்கு வந்து நின்னா. நீங்க ஓடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களா, அதனால எவன்கிட்டயோ சைக்கிள வாங்கிட்டுக் கரையோரமா அந்தப் புள்ள கூடவே போனா, தொண்ட கிழியக் கத்திக்கிட்டு. அது மூணாவதா வந்துச்சு. அதத் தூக்கிச் சுத்துனதும் இவதான். அப்புறம் படகு வண்டிக்குப் பின்னால போய் தனியா நின்னா, அத நான் பாக்கல. பாக்கலன்னு எழுதுறேன். சைக்கிளயும் ஓய்வுல சேத்துக்கங்க டாக்டரம்மா, மெதுவாத்தான் மிதிச்சா. இல்ல, பொய் சொல்ல மாட்டேன், வேகமாத்தான் மிதிச்சா.

டியூப் கால்வாசி ஆயிடுச்சு. நான் சீக்கிரம் எழுதணும்.

உள்ளங்கை மூடிருச்சு. ஈஸ்டர்லேர்ந்து மூடாதது பத்தே நாள்ல மூடிருச்சு. கன்னத்துல ரத்தம் வந்திருக்கு. போன வாரம் சந்தையில ஆளு ஒசரத்துக்கு ஆவி பறக்குற லாங்கோஷ் ரொட்டி ரெண்டு வாங்கி, மேல பாலாடை போட்டு, ரெண்டையும் ஒத்தையாத் தின்னத நான் தூரத்துலேர்ந்து பாத்தேன். உங்க மெஷின் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்றேன், தீ எறங்கிருச்சு. நாப்பது வருஷம் படகத் தொடச்சவனுக்குப் பலக எப்ப தண்ணி குடிச்சிருக்கு, எப்ப காஞ்சிருக்குன்னு தெரியும். ஆனா ஒரு புள்ளையப் பாக்கத் தெரியல. பாட்டில் மூடியத் திறந்து குடுத்தேனே ஒழிய, ஏன் திறக்க முடியலன்னு ஒரு வார்த்த கேக்கல. பத்தாவது ஒண்ணாவத விட வேகம்னு கைதட்டுனேன். நீங்க தொண்ணூறு மைல் தள்ளி உக்காந்துட்டுப் பாத்தத, நான் பக்கத்துல நின்னுட்டுப் பாக்கல.

பாதிக்கு மேல ஆயிடுச்சு. இன்னிக்குன்னு பாத்து இவளுக்கு நல்லா ஊறுது. நான் செர்ரியப் பத்தி வாயே திறக்கல.

கின்ச்சோ, இது உனக்கு. டாக்டரம்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க. அன்னிக்கு நீ டியூப்ப நீட்டுனப்ப நான் சிரிச்சேன்ல, அது வேடிக்கையா இருந்ததால இல்ல. நீ பயந்து நின்னத நான் பாத்தேன். பதினாறு வயசுப் புள்ள பயந்து நிக்கிதுன்னு தெரிஞ்சும், அந்தப் பயத்த என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் சிரிச்சேன். துப்புறது சுலபமா இருந்துச்சு. "வேணாம்டி, ரெண்டு வாரம் கரையில என்கூட உக்காரு"ன்னு சொல்றது கஷ்டமா இருந்துச்சு. அத இப்ப சொல்றேன்னு

கோடு வரைக்கும் நெறஞ்சிருச்சு. ஸ்ட்ராவ எடுத்துட்டா. மூடி போட்டா. பதினொண்ணுன்னு எழுதுறா, பக்கத்துல பேரெழுத்து. பெட்டியில வச்சிட்டா.

"தாத்தா, ஐஸ் போடுங்க. உருகிடும்."

டாக்டரம்மா, பேசிட்டா! இருபத்திரெண்டு நாள் கழிச்சு. போட்டுட்டேன், ரெண்டு கை நெறையப் போட்டுட்டேன். படகத் தோள்ல தூக்கிட்டா. ஏய், இரு புள்ள, இன்னும் முடிக்கல, உக்காரு, ரெண்டே வரி. முக்கியமானது இனிமேதான் வருது. நான் என்ன சொல்ல வந்தேன்னா, மன்னிப்புன்னு ஒரு

திரும்பிப் பாக்காம போறா. துறைக்குப் போயிட்டா. தண்ணில வச்சிட்டா. முத துடுப்பு போடப் போறா, இருங்க டாக்டரம்மா, அதப் பாத்துட்டு வந்து